இருபத்தொன்பதில் முடிந்த நோன்பு

அந்த வருஷம் நோன்பு மார்ச்சில் வந்ததா, ஏப்ரலிலா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. டிவி சேனல் வாசலில் குளிருக்குச் சால்வை போர்த்தியவர்களும் நினைவில் இருக்கிறார்கள், வெயிலுக்கு நிழல் தேடி ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய். ஆனால் பிறை தெரியக் கூடாது என்று இன்ஷிராஹ் துஆ கேட்டது நிஜம். கெய்ரோ முழுக்க வானத்தைப் பார்த்துப் பெருநாள் கேட்டபோது, அவள் ஒருத்தி மட்டும் மேகம் கேட்டாள்.

காரணம் இருந்தது. பதினேழு வருஷம் அறிவிப்பாளராகத் திரையில் சிரித்தவளை, கண்ணோரம் சுருக்கம் விழுந்ததும் நான்காம் மாடிக்கு ஏற்றி, சேனலின் சொந்த ஆப்பான 'பல்கோனா'வுக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். அவளுக்குக் கீழே ஒன்பது பேர். மூன்று வருஷமாக ஆப் காசைத் தின்றதே தவிர ஒன்றும் சம்பாதிக்கவில்லை. சேர்மன் நுஃமான் பே ('பே' என்றால் அங்கே ஐயா) நோன்புக்கு முன்பே சொல்லிவிட்டார்: பெருநாள் இரவுக்குள் முப்பதாயிரம் சந்தாதாரர்கள், இல்லையென்றால் ஒன்பது பேரும் வீட்டுக்கு.

இன்ஷிராஹ் ஒரு வழி கண்டுபிடித்தாள். நோன்பு திறந்ததும் நாடே உட்கார்ந்து பார்க்கும் தொடர் ஒன்று அவர்களிடம் இருந்தது. முப்பது பகுதிகள். இருபத்தொன்பதை டிவியில் போடுவது, கடைசிப் பகுதியைப் பல்கோனாவில் மட்டும் காட்டுவது. நுஃமான் பே தலையாட்டினார். பாலத்துக்குப் பாலம் விளம்பரத் தட்டி எழுந்தது: 'முப்பதாம் இரவு, பல்கோனாவில் மட்டும்.'

அவளுடைய உதவியாளர் மீரிஹான்தான் மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், பிறை இருபத்தொம்பதுலயே தெரிஞ்சிட்டா முப்பதாம் நோன்பே இருக்காதே?"

"தெரியாது."

"யாரு சொன்னா?"

"ஒப்பந்தத்துல முப்பதுன்னு போட்டிருக்கு."

மீரிஹான் சுவர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

இருபத்தெட்டாம் நோன்பு வரை பதினோராயிரம் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் கடைசி நாளுக்காகக் காத்திருந்தார்கள். கெய்ரோவில் எதையும் கடைசி நாளில்தான் செய்வார்கள். எதிர்த் தெரு காபிக்கடையில் ஒரே பல்கோனா சந்தாவில் நூறு பேர் பார்த்தார்கள். பாஸ்வேர்டைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது. நோன்பு திறந்தபின் இன்ஷிராஹ் போய்க் கேட்டாள்.

"மஹ்ரூஸ், இது நியாயமா?"

கடைக்காரன் மஹ்ரூஸ் தட்டைக் கீழே வைக்கவில்லை. "நாற்காலி என்னோடது, கரண்டு என்னோடது, டீ நான் ஊத்துறேன். உங்க ஆப் என்ன மேடம் ஊத்துது?"

அவள் உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள். டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, நான்காம் மாடியில் பத்துப் பேரும் நோன்பு திறந்துவிட்டு டிவி முன் உட்கார்ந்தார்கள். பிறை அறிவிக்கும் முஃப்தி திரையில் தொண்டையைச் செருமினார். பிறை தெரிந்துவிட்டது.

தெருவில் பட்டாசு வெடித்தது. விளம்பரப் பிரிவுத் தலைவர் ஷவ்கத், மீசையில் கதாயிஃப் இனிப்பின் பாகு ஒட்டியிருக்க மாடியேறி வந்தார்.

"பெருநாள் வாழ்த்துகள் இன்ஷிராஹ்! முப்பதாவது பகுதியையும் இன்னிக்கே சேர்த்து டிவியில போட்டுடறோம்."

"அது என்னோடது ஷவ்கத்."

"நெய்க் கம்பெனிக்காரன் முப்பது நாளைக்கு விளம்பரம் குடுத்திருக்கான். நாளைக்கு எவன் நாடகம் பாப்பான்? எல்லாரும் மாமியார் வீட்ல இருப்பாங்க."

அவள் சேர்மனுக்குப் போன் போட்டாள்.

"உங்க ஆப்லயும் அதே நேரத்துக்குப் போட்டுக்கோங்களேன், யாரு வேணாம்னா?" என்றார் நுஃமான் பே.

"சும்மா கெடைக்கிறத எவன் காசு குடுத்துப் பாப்பான், பே?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

மீரிஹான் அழத் தொடங்கினாள். ஷவ்கத் தயங்கி நின்றார். "இன்னொரு விஷயம். அறிவிப்பு சொல்ற பொண்ணு பிறைச் செய்தியைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடிட்டா. நீயே வந்து ரெண்டு வார்த்தை சொல்லிடேன். பழைய கைதானே."

இன்ஷிராஹ் கைப்பையிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுத்தாள்.

ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷவ்கத் எழுதிக் கொடுத்த தாளை அவள் நான்காக மடித்து வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்தாள்.

"பெருநாள் வாழ்த்துகள். இன்று கடைசி இரண்டு பகுதிகளும் ஒளிபரப்பாகும். கதை ஒரு மணி நேரம். விளம்பரம் இரண்டு மணி நேரம். முதலில் நெய், பிறகு சோப்பு, மறுபடியும் நெய். கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்று தெரிவதற்குள் உங்கள் பிள்ளைகள் புதுச் சட்டையோடு தூங்கிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்துபோக வேண்டுமென்றால், பல்கோனாவில் விளம்பரம் கிடையாது."

பதினேழு வருஷச் சிரிப்பைச் சிரித்தாள். விளக்கு அணைந்தது.

"உன் வேலைக்கு நீயே வெடி வச்சிட்டே!" என்று கத்தினார் ஷவ்கத்.

"என் வேலைக்குத்தானே? அந்த ஒம்பது பேருக்கு இல்லியே."

தொடர் தொடங்குவதற்குள் ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்தார்கள். கூட்டம் தாங்காமல் ஆப் மூன்று முறை நின்றது. கதாநாயகி வாயைத் திறந்தபடி நான்கு நிமிஷம் உறைந்து நின்றாள், பலர் அதையும் நடிப்பென்று பாராட்டினார்கள். தொடர் முடிந்தபோது கணக்கு முப்பத்தோராயிரத்து நானூறு. நான்காம் மாடியில் மேஜை மேல் ஏறி ஆடினார்கள். இன்ஷிராஹ் ஜன்னலோரம் நின்று, எதிர்க் காபிக்கடையின் நூறு தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுஃமான் பே வாக்குத் தவறவில்லை; ஒன்பது பேரையும் வேலையில் வைத்துக்கொண்டார். பெருநாளின் மூன்றாம் நாளுக்குள் இருபத்தெட்டாயிரம் பேர் சந்தாவை ரத்து செய்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் பல்கோனா மூடப்பட்டது. ஒன்பது பேரில் நால்வர் துபாய் போனார்கள், மீரிஹானும் மற்றவர்களும் வேறு சேனல்களின் ஆப்களில் சேர்ந்தார்கள். இன்ஷிராஹ்வின் பெருநாள் அறிவிப்பைத்தான் அந்த நோன்பில் அதிகம் பேர் பார்த்திருந்தார்கள் என்று தெரிந்ததும், ஷவ்கத் அவளுடைய அறிவிப்புகளுக்கு முன்னும் பின்னும் விளம்பரம் விற்கத் தொடங்கினார். இன்ஷிராஹ் இரண்டாம் மாடிக்கு இறங்கி மறுபடியும் அறிவிப்பாளரானாள். நுஃமான் பே மறு வருஷம் புதுப் பெயரில் இன்னொரு ஆப் தொடங்கினார். மஹ்ரூஸ் சுவரில் பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் புதியதை எழுதினான்.