செந்தாடி கொடுத்த மணி

தியத்தலாவை முகாமில் காய்ச்சல் கொட்டகையைக் கூட்டிக் கழுவ நாலு பெண்கள் வேண்டுமென்று தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் வந்தபோது தம்பையா கங்காணி யோசிக்கவே இல்லை. பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வரிசையில் நின்றவர்களில், ஏன் என்று கேட்க ஆளில்லாத நாலு பேரைப் பிரம்பால் தொட்டுக் காட்டினார். மூன்றாவது ஆள் நல்லம்மா. அவள் புருஷன் செத்து நாலு வருஷமாகியிருந்தது.

திங்கட்கிழமை விடியலில் அப்புத்தளை வழியாக நடந்து போனால் சனிக்கிழமை பின்னேரம்தான் கூலி லயத்துக்குத் திரும்பலாம். இடையில் ஆறு நாள் மகள் பாக்கியம் தனியாக இருக்கவேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தவளைப் பார்த்துக் கங்காணி சிரித்தார்.

"நா இருக்கேன்ல. மாமன்தானே நா" என்றார்.

நல்லம்மா திரும்பி வரிசையில் போய் நின்றாள்.

முகாமில் இருந்தவர்களைப் போயர் என்றார்கள். எங்கேயோ கடலுக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்காரனோடு வெள்ளைக்காரன் சண்டை பிடித்து, பிடிபட்டவர்களைக் கப்பலில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்து முள்கம்பிக்குள் அடைத்திருந்தார்கள். ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்தது. தகரக் கொட்டகையில் படுத்தவர்களில் பாதிப்பேர் எழுந்திருக்கவில்லை. தாயைக் கூப்பிடுகிற குரல் எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது என்பதை நல்லம்மா அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

மூலைக்கட்டிலில் கிடந்தவனைப் பெண்கள் செந்தாடி என்றார்கள். அவன் போயர்காரன் இல்லை, ஜெர்மன்காரன். முதலில் பிரெஞ்சுக்காரனிடம் கூலிக்குச் சண்டை போட்டவன், பிறகு போயர்காரனோடு போய்ச் சேர்ந்து பிடிபட்டவன். அவன் தலைமாட்டில் அழுக்குத் துணியில் சுற்றிய ஒரு மணி இருந்தது. ஆட்டுக் கழுத்தில் கட்டுவதைவிடக் கொஞ்சம் பெரியது. தகடாக அடித்து மடித்த கறுப்பு இரும்பு. ஒருநாள் கூட்டும்போது விளக்குமாறு பட்டு அது ஒருமுறை ஒலித்தது. காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முகாமுக்குப் புகையிலையும் சவர்க்காரமும் கொடுத்துவந்த றஹீம் நானா அப்போது அங்கே நின்றார். அவருக்குப் பண்டாரவளையில் கடை. துரைமாரோடு பழகிய இங்கிலீசு அவரிடம் இருந்தது. செந்தாடிக்கும் உடைந்த இங்கிலீசு வரும். அன்று தொடங்கி மூன்று நாள், நானா வருகிற நேரமெல்லாம் அவன் பேசினான். நானா தமிழில் சொன்னார். நல்லம்மா ஈரச்சாக்கால் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் தகோமே என்று ஒரு ராச்சியம். அங்கே ராஜாவுக்குப் பெண்களால் ஆன ஒரு படை. முதலில் யானை வேட்டைக்குப் போன பெண்கள்தான் அவர்கள் என்று சிலர் சொல்வார்களாம். பிறகு அரண்மனைக் காவல். பிறகு போர். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி தூக்கினார்கள். முள்ளை மலைபோலக் குவித்து, வெறுங்காலோடு ஏறி இறங்கிப் பழகினார்கள். நீளமான சவரக்கத்தி போன்ற ஒன்றை மடக்கி வைத்திருப்பார்கள்; ஆள் உயரத்துக்கு நீண்ட கத்தியென்று செந்தாடி கையை விரித்துக் காட்டினான். கலியாணம் கிடையாது, பிள்ளை கிடையாது. பேருக்கு எல்லோரும் ராஜாவின் பெண்டாட்டிகள். ஆகவே அவர்கள் வெளியே நடந்தால் முன்னால் ஒரு சின்னப்பெண் மணியடித்துக்கொண்டு போவாள். மணி கேட்டால் ஆண்கள் வழியைவிட்டு விலகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவேண்டும். தொட்டால் தலை போகும்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆண்கள். நல்லம்மா துடைப்பதை நிறுத்தினாள். அப்படியொரு மணி கையில் இருந்தால் கொழுந்து மலையில் எந்தப் பாதையில் வேண்டுமானாலும் போகலாமே என்று நினைத்தாள். அடுத்த நிமிஷம் வேறொன்று தோன்ற, கேட்டுவிட்டாள்.

"நானா, அந்தப் புள்ளைகள யாரு கொண்டாந்து வுட்டாங்களாம்?"

நானா கேட்டுச் சொன்னார். "வாப்பாமாருதானாம். மூணு வருசத்துக்கொருக்கா ஊர்லீக்கிற எல்லாரும் பொம்புளப் புள்ளயள அரமனைக்குக் கொண்டு போய்க் காட்டோணுமாம். புடிச்சதுகள அவங்க எடுப்பாங்களாம்."

நல்லம்மா சாக்கைப் பிழிந்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

எட்டு வருஷத்துக்கு முன்பு பிரெஞ்சுக்காரன் அந்த ராச்சியத்தின்மேல் படையெடுத்துப் போனான். செந்தாடி அந்தப் படையில் இருந்தான். ஏழெட்டு வாரச் சண்டை. ஓட்டம் என்பதை அந்தப் பெண்கள் அறியவில்லை என்றான். ஆற்றோரப் புல்லிலிருந்து எழுந்து வந்தார்கள், விழுந்தார்கள், பின்னாலிருந்து இன்னும் வந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் போனவர்களில் கொஞ்சப்பேர்தான் மிஞ்சினார்களாம். கால் முறிந்து பிடிபட்ட ஒருத்திக்கு அவன் மூன்று நாள் காவல் நின்றான். ஆண் கையால் கொடுத்த தண்ணீரை அவள் வாங்கவில்லை. அப்படியே செத்துப்போனாள்.

கடைசி நாள் அவன் மணியின் கதையைச் சொன்னான். பனி மூடிய ஒரு காலையில் மணிச் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை. சத்தத்தைக் குறிபார்த்துச் சுட்டான். போய்ப் பார்த்தால் துப்பாக்கிக்காரி இல்லை. பத்துப் பதினொரு வயதுச் சின்னப்பெண். கையில் மணி.

றஹீம் நானா இதைச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். செந்தாடி நல்லம்மாவைக் கூப்பிட்டு அவள் கையில் மணியைத் திணித்தான். ஏன் தனக்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே இருந்த பெண் அவள் ஒருத்திதான், அதனாலாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை அந்தக் கட்டில் காலியாக இருந்தது.

சனிக்கிழமை லயத்துக்கு வந்தபோது பாக்கியம் புதுச் சீத்தைத் துணி கட்டிக்கொண்டு காம்பிரா அறை வாசலில் நின்றாள். கங்காணி கொடுத்தாராம். திங்கட்கிழமையிலிருந்து தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு வேலைக்குப் போகச் சொன்னாராம். "சோறு கறி எல்லாம் அங்கேயேயாம்மா" என்றாள் பிள்ளை. கண் மின்னியது.

பங்களாவுக்குப் போன பெண்களைத் தோட்டம் அறியும். இரண்டு வருஷத்துக்கு முன் போன ஒருத்தி இப்போது ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கேயோ கைப்பிள்ளையோடு இருக்கிறாள் என்று சொன்னார்கள். அதற்கு முந்தியவளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பங்களாப் பாதையில் ஒரு பெண்பிள்ளை மேலே போகும்போது தோட்டத்துக்கே வேலை மும்முரமாகிவிடும். ஒரு தலை நிமிராது.

ஒரேயொரு முறைமை இருந்தது. ஆளாகாத பிள்ளையை அனுப்புவதில்லை. துரை அல்ல, தோட்டத்துச் சனம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரம்பு அது. அந்த வரம்பைத் தாண்டி மகளை இந்தப்பக்கம் கொண்டுவந்து விட்டவள் நல்லம்மாதான்.

பாக்கியத்துக்கு வயது பதினொன்று, மிஞ்சினால் பன்னிரண்டு. அவள் இன்னும் ஆளாகவில்லை. ஆனால் வைகாசியில் நல்லம்மா சடங்கு வைத்தாள். காரணம் பெரிய காரணமில்லை. புல்லுவெட்டுக்குப் போகும் சிறுபிள்ளைக் கூட்டத்தை மேய்த்த சில்லறைக் கங்காணியின் கை பிள்ளைகளின் மேல் நீண்டது. ஆளானால் கொழுந்து பறிக்க வரலாம். தாயின் தேயிலை நிரைக்குப் பக்கத்து நிரையில் நிற்கலாம். கண்ணுக்கு முன்னால் இருப்பாள் என்று நினைத்துத்தான் பொய் சொன்னாள். கோழி இரத்தம் தோய்ந்த துணியை மருதாயிக்குக் காட்டினாள். பக்கத்துக் காம்பிரா மருதாயி மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். நல்லம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லையென்று தம்பையா கங்காணியே தாய்மாமனாக நின்று பச்சை ஓலைக் குடிசை கட்டினார். லயமே உட்கார்ந்து உளுத்தங்களி தின்றது.

அன்றைக்கு அவர் எவ்வளவு கவனமாக ஓலை முடைந்தார் என்பது இப்போது நினைவுக்கு வந்தது. நல்ல மனுஷன் என்றுகூட அவள் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சோறாக்க உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடவில்லை. அரிசி களைந்த கை தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. அந்த ராச்சியத்து அப்பன்மார் ராஜாவுக்குப் பயந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். தன்னை யாரும் பயமுறுத்தக்கூட இல்லையே. தானாக அல்லவா ஓலைக்குள் உட்காரவைத்தோம் என்று நினைத்தாள். நினைத்ததும், அழுதால் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

திங்கட்கிழமைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அவள் வரிசையைவிட்டு முன்னால் வந்தாள். முகாமுக்குப் போகவேண்டிய மற்ற மூன்று பெண்களும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"கங்காணியாரே, எம்மக இன்னும் ஆளாகலைங்க. நாந்தாங்க பொய் சொன்னேன்."

கங்காணி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்ப நா கட்டுன குடிசையில குந்தியிருந்தது யாருடி? ஒங்கப்பனா?"

ஆண்கள் வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, களி தின்றவர்களைச் சொல்லச் சொன்னார். பெண்கள் கூடைக்குள் எதையோ தேடினார்கள். நல்லம்மா மருதாயியைப் பார்த்தாள். மருதாயிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குப் போன வருஷம்தான் சடங்கு. ஆளாகாதவளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் ஊற்றினவளின் வயிற்றுப் பிள்ளைகளுக்குத்தான் அந்தத் தோஷம் போகும்.

"கண்ணால பாத்தமே நல்லம்மா" என்றாள் மருதாயி, தாழ்ந்த குரலில். "தண்ணி ஊத்துனதே நாந்தான."

அவளைக் குறைசொல்ல நல்லம்மாவால் முடியவில்லை. தன் இடத்தில் அவளும், அவள் இடத்தில் தானும் என்றால் தானும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்று பட்டது. அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

பெண்கள் மலையில் ஏறி நிரை பிடித்தார்கள். கங்காணி பாக்கியத்தை முன்னால் விட்டுப் பங்களாப் பாதையில் நடந்தார். பிள்ளை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் இப்போது மின்னல் இல்லை. நல்லம்மா ஓடிப்போய் மகளுக்கு முன்னால் நடந்தாள். மடியிலிருந்து மணியை எடுத்தாள்.

தேயிலைக்கு நடுவே அந்தச் சத்தம் ஒருவரும் கேட்டறியாத சத்தமாக இருந்தது. முதலில் ஆடு புகுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மேட்டில் ஒரு தலை நிமிர்ந்தது. அடுத்து இரண்டு. அந்த ராச்சியத்தில் மணி கேட்டால் முகம் திருப்பினார்கள். இங்கே காலமெல்லாம் திருப்பியே வைத்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாகப் பாதையைப் பார்த்துத் திரும்பின. கங்காணியின் பிரம்பு அவள் தோளில் விழுந்தது. பிறகு முழங்கையில். மணியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பின்னால் பாக்கியம், "வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். எல்லோரும் பார்க்கவேண்டும் என்பதுதான் காரியம். ஆனால் பார்க்கப்படுவது மகள். செந்தாடி சத்தத்தைக் குறிவைத்துச் சுட்ட பிள்ளையின் நினைவு வந்தது. மணியை ஒரு கணம் நிறுத்தினாள். மறுபடி அடித்தாள்.

பங்களா முற்றத்தில் துரை வெளியே வந்து நின்றார். எதிர்மலையில் நூறு பேருக்குமேல் கொழுந்தில் கை வைத்தபடி, பறிக்காமல், இந்தப்பக்கம் பார்த்து நின்றார்கள். துரையின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டு வந்துவிட்டது. காம்பிராவிலிருந்த சட்டியும் பாயும் மழையில் கிடந்தன. இன்னொரு தோட்டம் அவர்களை எடுக்காதபடி கங்காணி பார்த்துக்கொள்வார். மருதாயியின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் நிற்பது கதவுக்குக் கீழே காலாகத் தெரிந்தது.

றஹீம் நானாவின் மனைவி றம்ஸியா, பண்டாரவளைக் கடைக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தாள். மிளகாய் இடிக்கவும் மாவு சலிக்கவும் ஆள் தேவைதான் என்று, உதவி என்று தோன்றாதபடி சொன்னாள். நல்லம்மாவின் முழங்கை நீட்ட வரவில்லை; ஒரு கையால் இடித்தாள். பாக்கியம் தாயோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மலை முழுக்கத் தன்னைப் பார்த்த அந்தக் காலையை அவள் மன்னிக்கவில்லை. எதிலிருந்து தப்பினாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் நல்லம்மாவும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கிழமை நானா தோட்டத்துப் பக்கம் போய்வந்தார். கொட்டில் வாசலில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மருதாயிட மூத்த புள்ள இப்ப பங்களாவுலயாம்."

உலக்கை உரலுக்குள் நின்றது. மஞ்சள் தண்ணீரின் தோஷம் கடைசியில் ஊற்றினவள் வீட்டுக்கே போய்விட்டது என்று மருதாயி நினைத்திருப்பாள். அது தோஷம் இல்லை, தன் மகளின் இடம் அது என்பது நல்லம்மாவுக்குத் தெரியும். ஒன்று காலியானால் வரிசையில் அடுத்தது.

மூன்று கிழமையில் முதல்தடவையாகப் பாக்கியம் வாயைத் திறந்தாள்.

"அவ போறப்போ எல்லாரும் பாத்தாங்களாம்மா?"

நானா இல்லையென்று தலையை ஆட்டினார். நல்லம்மா மடியைத் தொட்டுப் பார்த்தாள். மணி அங்கேதான் இருந்தது. அது ஒலித்துவிடாதபடி கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.