காலி ஷெட்டில் தண்ணீர் குடிக்கும் கோழிகள்

ராசப்பனை எனக்கு அறிமுகம் செய்யும்போதே, இருபதாயிரம் கோழியைக் கொன்றவன் என்று சொல்லித்தான் அறிமுகம் செய்தார் பூபதி. அதுவும் அந்த மனுஷன் எதிரில் நின்று எனக்கு மோர் டம்ளரை நீட்டிக்கொண்டிருக்கும்போது.

“போன வைகாசில எங்கண்ணன் பண்ணையில இருந்தானுங்க மேடம். மத்தியானம் ஷெட்டு ஃபேனையெல்லாம் நிறுத்திப்போட்டுத் தூங்கிட்டான். கரன்ட் இருந்துது. கரன்ட் போனாலும் ஜெனரேட்டர் தானா எடுத்துக்கும். ஃபேன் சுச்சுப் பொட்டியில கைப்பிடி எறங்கிக் கெடந்துது. அப்பறம் வேற ஆரு? அண்ணன் அடிச்சுத் தொரத்தி உட்டாரு. அவரு தொரத்துனவன்னே நான் கூட்டியாந்து வெச்சுக்கிட்டேன்.”

இதைப் பெருமையாக வேறு சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ராசப்பனைப் பார்த்து நேராகவே கேட்டேன்.

“நிஜமாவா?”

“அப்படித்தானுங்க ஆகிப்போச்சு அம்மணி” என்றார். ஐம்பது வயதிருக்கும். டம்ளரை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஷெட் பக்கம் போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று பிறகுதான் தோன்றியது.

என் பெயர் ஜோஸ்லின். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் எனக்குச் சின்னக் கடை. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைப்பது என் தொழில். அவை பேசாமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். மனுஷர்கள் பேசாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன், ஏனென்றால் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பாதிப் பேர் பங்காளியோடு பேசுவதில்லை.

பூபதி போனில் சொன்ன புகாரைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவருடைய இரண்டாம் ஷெட்டில் கோழிகளை விற்று, கழுவிவிட்டுக் காயவைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு இறகுகூட இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அந்த ஷெட்டில் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

“பேய்க் கோழிங்களா?” என்று கேட்டேன்.

“வந்து பாத்துட்டுச் சிரிங்க மேடம்” என்றார்.

நாமக்கல்லைத் தாண்டி மோகனூர் சாலையில் இருந்தது பண்ணை. வெயில் அப்படிக் கொளுத்தியது. ஷெட்டுகள் எல்லாம் நான்கு பக்கமும் மூடினவை. ஒரு பக்கம் நனைந்த அட்டைச் சுவர், எதிர்ப்பக்கம் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் ஓடினால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நின்றால் கோழிகளின் சொந்தச் சூடே கோழிகளைக் கொன்றுவிடும்.

ஆபீஸ் அறையில் இருந்த கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு கேபிள். ஒன்று புதிது, ஷெட்டுகளுக்குப் போகிறது. இன்னொன்று வெயிலில் வெளுத்துப்போய் ஜன்னல் வழியாக வெளியே போனது.

“இது எங்க போகுது?”

“அது பழசுங்க. எல்லாம் ஒண்ணா இருந்தப்பப் போட்டது. இப்ப அதுல ஒண்ணும் வாரதில்லை.”

ஒன்றும் வராத கேபிளின் விளக்கு ஏன் பச்சையாக மினுக்குகிறது என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு கார்டு உள்ள கம்ப்யூட்டரில் எந்தச் செய்தி எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அன்றைக்கு வெயிலோ, மெத்தனமோ, மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

“ரெண்டாம் ஷெட்டு ஃபேனை இங்கிருந்து நிறுத்திப் பாக்கலாமா?” என்றேன். “நிக்குதான்னு பார்த்தா, நாம அந்த ஷெட்டோடதான் பேசறமான்னு தெரிஞ்சிரும்.”

“தாராளமாப் பாருங்க. காலி ஷெட்டுதானே. காயறதுக்காகத்தான் ஃபேன் ஓடுது. ஆனா இங்கிருந்து நிறுத்தத்தான் முடியும், போட முடியாதுங்க. ஷெட்டுக்குப் போய்ப் பொட்டியில கைப்பிடியத் தூக்கித்தான் போடோணும். உள்ள ஆளு கை வெச்சிருக்கையில ஓடிரக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்குது.”

ராசப்பன் இரண்டாம் ஷெட்டுக்குள் நின்றார். பூபதி அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் திரையில் இரண்டாம் ஷெட்டைத் திறந்து, எல்லா ஃபேனும் நிறுத்து என்பதை அழுத்தினேன். பச்சைப் பொட்டுகள் வரிசையாகச் சிவப்பாயின.

“நின்னுருச்சா ராசப்பா?” என்றார் பூபதி.

“இல்லீங்களே. ஓடிட்டேதான் இருக்குது.”

“நல்லாப் பாரு.”

“எல்லாமே ஓடுதுங்க. காத்து ஆளத் தள்ளுது.”

பூபதி சிரித்தார். கம்ப்யூட்டருக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார். நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அப்போது திரையில் சூடு காட்டும் எண் ஒரு டிகிரி ஏறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று ஏறியது.

காலி ஷெட்டில் அப்படி ஏறாது. சிமென்ட் தரைக்கும் கம்பிக்கூண்டுக்கும் உடம்புச்சூடு கிடையாது. எங்கேயோ ஒரு ஷெட்டில், நிறையக் கோழிகளோடு, ஃபேன் நின்றுவிட்டது. நிறுத்தினது நான்.

வழிகளின் பட்டியலைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டிய பட்டியல். அதில் யாரோ எப்போதோ கையால் போட்டு வைத்த ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டாம் ஷெட்டின் நெட்வொர்க் எண்ணுக்குப் போகிற செய்தி எல்லாம் இரண்டாவது கார்டு வழியாகப் போகட்டும் என்று சொல்கிற வரி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அழியாத மாதிரி போட்டிருந்தது.

எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். வெளுத்த கேபிள் சுவரேறி, தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த, கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் ஒரு சின்ன டிஷ்ஷில் போய் முடிந்தது. டிஷ் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

“அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“அண்ணன் பண்ணை.”

“அங்கயும் ரெண்டாம் ஷெட்டு இருக்கா?”

“இருக்குதுங்க. பழைய ஷெட்டு. பாகம் பிரிச்சப்ப அது அண்ணனுக்குப் போச்சு, நான் இங்க புதுசாக் கட்டிக்கிட்டேன்.”

“அதுல இப்ப கோழி இருக்கா?”

“முழுக்க இருக்குதுங்க” என்றார் பூபதி. புது ஷெட்டைக் கட்டியபோது, வயரிங் செய்த ஆள் பழைய ஷெட்டின் எண்ணையே இதற்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டாம் ஷெட் என்று இந்தத் திரை எப்போதும் அண்ணனின் ஷெட்டைத்தான் காட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்து ஷெட்டுகள், ஒரே வெயில், ஒரே சூடு, அதனால் வித்தியாசம் தெரியவில்லை. நிலத்தை அளந்து கல் நட்டார்கள், கிணற்றில் முறை வைத்தார்கள், தென்னை மரங்களைக்கூட ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த டிஷ்ஷை யாருக்கும் நினைவில்லை.

“அண்ணனுக்குப் போன் போடுங்க” என்றேன்.

“என்ற நம்பர பிளாக் பண்ணி வெச்சிருக்காருங்க.”

அண்ணனின் நம்பரை வாங்கி என் போனில் அடித்தேன். எடுத்தார். லாரி இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்டது.

“உங்க ரெண்டாம் ஷெட்டுல ஃபேன் நின்னுபோச்சுங்க. உடனே போய்க் கைப்பிடியத் தூக்கிப் போடுங்க.”

“நீங்க ஆருங்க?”

“நான் சேலத்துல இருந்து வந்திருக்கேன். இங்க பூபதி வீட்டுல…”

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் எழுந்து ஓடியிருப்பார்.

அப்போதுதான் கவனித்தேன், மேஜைமேல் பூபதியின் போன் ஸ்பீக்கரிலேயே கிடந்தது. ராசப்பன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இப்போது அதில் பேச்சில்லை. மூச்சு வாங்கும் சத்தமும், காய்ந்த சோளத்தட்டு மிதிபடும் சத்தமும் மட்டும் வந்தன. அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

நாங்களும் ஓடினோம். எல்லைக்கல் வந்ததும் பூபதியின் கால் தானாக நின்றது. நான் நிற்கவில்லை. அண்ணன் தம்பி சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று கத்திக்கொண்டே தாண்டினேன். அந்தப் பக்கம் ஷெட் வாசலில் ஒரு ஆள்கூட இல்லை. எல்லாரும் முட்டை லாரிக்குப் பாரம் ஏற்றப் போயிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ராசப்பன் இரும்புப் பெட்டியின் முன் நின்று இரண்டு கையாலும் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஃபேன்கள் ஒவ்வொன்றாக உறுமி எழுந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தனை ஆயிரம் கோழிகளும் வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. முன்வரிசைக் கூண்டுகளில் சில சாய்ந்து கிடந்தன. காற்று போகப் போக, ஒன்று இரண்டாகக் கொக்கரிக்க ஆரம்பித்தன. பெரும்பாலும் பிழைத்துவிட்டன.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. அண்ணன் வெங்கடாசலம் ஆட்களோடு வந்துவிட்டார். போனில் ஏதோ உறுத்தி, லாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் பார்த்தது, சாய்ந்து கிடக்கும் கோழிகளையும், தன் ஃபேன் பெட்டியில் கை வைத்து நிற்கும் ராசப்பனையும்தான்.

“மறுபடியுமாடா” என்றார். சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். “ஒருக்கா கொன்னது பத்தலியா? அவன் அனுப்புனானா?”

ராசப்பன் கையைக்கூடத் தூக்கவில்லை. அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பது போல நின்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நடுவே புகுந்தேன்.

“அவரை விடுங்க. நிறுத்தினது நான். அவர் ஓடி வந்து போட்டுட்டார்.”

“நீயாம்மா? எங்கிருந்து நிறுத்துன?”

“உங்க தம்பி ஆபீஸ்ல இருந்து. அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டாம் ஷெட்டுன்னு அமுத்தினா, அது உங்க ஷெட்டுக்கு வருது. பழைய டிஷ் வழியா. அவருக்கே தெரியாது. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. பாக்காம அமுத்தினது என் தப்பு.”

அவர் நம்பவில்லை. தன் ஷெட் கூரைமேல் இருந்த டிஷ்ஷை நான் கைகாட்டினேன். அது மேற்கே, தம்பி வீட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றார். காலரைப் பிடித்த கை மட்டும் இன்னும் விடவில்லை.

“அங்கிருந்து அமுத்துனா இங்க கைப்பிடி எறங்குமா?” என்றார்.

“எறங்கும்.”

இதைச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். எல்லைக்கல்லைத் தாண்டிப் பூபதி வந்து நின்றிருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

“அண்ணா” என்றார். “போன வைகாசில என்ற புது ஷெட்டக் கழுவி உட்டிருந்தேன். சேலம் போற அவசரத்துல, காஞ்சது போதும்னு, கம்ப்யூட்டர்லயே நிறுத்திப்போட்டுப் போயிட்டேன். சாயங்காலம் வந்தப்ப ஃபேன் ஓடிட்டிருந்துது. ஆளுக போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். ராத்திரிதான் உங்க கோழி போன சேதி தெரிஞ்சுது. ரெண்டையும் நான் சேத்து நெனைக்கவே இல்லை.”

வெங்கடாசலத்தின் கை கழன்று விழுந்தது. அவர் தம்பியை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திட்டவுமில்லை. ராசப்பனைப் பார்த்தார், பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். “சாமி” என்று மட்டும் சொன்னார்.

ராசப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் குந்தி அவர் தோளைத் தொட்டேன். இனி உங்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உங்கள் மேல் தப்பே இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். ஒரு ஆளின் பெயரை மீட்டுக் கொடுத்துவிட்ட பெருமை எனக்குள் எட்டிப் பார்க்கவும் ஆரம்பித்திருந்தது. அவர் கேட்டதாகவே தெரியவில்லை. பிறகு என்னிடம்தான் பேசினார்.

“நான் தூங்கலைன்னுதானுங்க மொதல்ல சொன்னேன். அடிச்சப்பவும் அதையேதான் சொன்னேன். ஆருமே நம்பல. ஒவ்வொருத்தரா வந்து கேக்கக் கேக்க, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தூக்கக் கலக்கத்துல நாந்தான் எறக்கிட்டனாட்ட இருக்குதுன்னு.”

“அதனால என்னங்க, இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே.”

“நான் கொன்னேங்கறத எங்கூட்டுக்காரி பெருமாயி ஒருத்திதானுங்க நம்பல. எம்புருசன் அப்படிச் செய்ய மாட்டான்னு ஊரெல்லாம் சண்டை கட்டிட்டிருந்தா. நாந்தான் அவகிட்ட, ஆமா, நாந்தாண்டி கொன்னுபோட்டேன்னு சொன்னேன். உனக்காகச் சண்டை கட்டுன என்னையே பொய்க்காரி ஆக்கிப்போட்டியேன்னு அன்னைக்கு ஓமலூருக்கு அவ பொறந்த ஊட்டுக்குப் போனவதானுங்க, இன்னும் வரல.”

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“இப்பப் போயி அவகிட்ட நான் என்னன்னு சொல்றதுங்க அம்மணி?” என்று கேட்டார் ராசப்பன்.