இருவருக்கு ஒரு மிக்சர்

பழைய மிக்சர் படிக்கட்டில் உருண்டு செத்தது. லிஃப்டு ரிப்பேர் செய்து பிழைக்கிற தம்பி, தன் வீட்டு லிஃப்டு ஓடாத ஒரு காலையில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நடந்த விபத்து. பன்னிரண்டு படி. படிக்கு ஒரு குமிழ் வீதம் தெறித்தது என்பாள் அக்காள். எட்டுதான் தெறித்தது என்று தம்பி சாதிப்பான். எட்டோ பன்னிரண்டோ, ரிப்பேர்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆறு வருடமாக அந்த இருவரும் சிறு அரங்குகளில் மின்னிசை வாசிக்கிறார்கள். தாள மெஷின் அக்காளுடையது, இரண்டு சிந்தசைசர் தம்பியுடையது. எல்லா வயரும் வந்து சேர்ந்து, சத்தம் கலந்து ஸ்பீக்கருக்குப் போகிற மிக்சர் அக்காளின் முன்னால் இருக்கும். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று நாள் முழுக்கப் பிறரைக் கேட்கிறவளாகையால், மேடையில் எது சரியென்று சொல்கிற உரிமையும் தன்னுடையதே என்று எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

மிக்சரோடு அவர்களுடைய சத்தமும் போயிற்று. தம்பியின் கீழ்ச்சுரங்களில் ஒரு கரகரப்பு இருக்கும், தொண்டை கட்டினவன் ஆசையாகப் பேசுகிற மாதிரி. கேட்க வருகிறவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். இரவல் வாங்கின டிஜிட்டல் மிக்சரில் ஒத்திகை பார்த்தால் அதே சுரம், அதே தாளம், ஆனால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மொடமொடவென்று நின்றது.

போதாக்குறைக்கு ஒரு நடனக் குழு தம்பியை மட்டும் கூப்பிட்டிருந்தது. ஒரு வருடம், ஊர் ஊராக. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

“சனிக்கிழமை ஷோவுக்குள்ள நம்ம சத்தம் திரும்பி வந்தா இருக்கேன்க்கா. வரலைன்னா போறேன். சும்மா எதுக்கு இழுத்துக்கிட்டு?” என்றான்.

“சரிடா” என்றாள் அக்காள், ரொம்ப சாதாரணமாக. அன்று ஒருவருடைய இடது கண் அளவை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் அரை நாள் லீவு போட்டு, கருவிகளைத் தூக்கிக்கொண்டு, பழைய ஒலிக்கருவிகள் விற்கிற கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் ‘கிசுகிசு’ என்று பெயர். ஸ்பீக்கர் விற்று வீடு கட்டின மனிதர், ஆனால் அவர் பேசினால் சட்டைப் பையைத் தாண்டிக் கேட்காது. அது வியாபார தந்திரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. விலையைக் கேட்க வாங்குகிறவன் குனிய வேண்டியிருக்கிறது. குனிந்த பிறகு எவன் நிமிர்ந்து பேரம் பேசுவான்?

கிசுகிசு மேசைமேல் இரண்டு அனலாக் மிக்சர்களை வைத்தார். ஒன்று சாம்பல் நிறம், வயர் செருகும் துளைகள் எல்லாம் முகத்திலேயே, மேல் விளிம்பை ஒட்டி. இன்னொன்று பழுப்பு, இரண்டு பக்கமும் மரப்பலகை, துளைகள் முதுகில். ஆள் ஏறி உட்கார்ந்தாலும் தாங்குகிற கனம்.

அக்காள் சாம்பலில் வயரைச் செருகினாள். தம்பி நாலு சுரம் வாசித்தான். தெளிவாக இருந்தது. பழுப்புக்கு மாற்றினாள். அதுவும் தெளிவு. மறுபடி சாம்பல், மறுபடி பழுப்பு.

“ஒண்ணா, ரெண்டா? கடைசி வரி படிக்க முடியுதா?” என்றான் தம்பி, அவளுடைய கண்ணாடிக் கடைக் குரலிலேயே.

“வாயை மூடிட்டு வாசிடா.”

ஒரு மணி நேரம் போயிற்று. கரகரப்பு எதிலும் வரவில்லை. கடைசியில் அக்காள் கேட்டே விட்டாள்: “அண்ணே, எங்க பழைய மாடலே எங்கயாவது கிடைக்குமா? அதுல ஒரு கரகரப்பு இருக்கும்.”

“அந்த மாடல் நாலு என் கைவழியா போயிருக்கு” என்றார் கிசுகிசு. இருவரும் குனிந்தார்கள். “அதுல கரகரப்பெல்லாம் கிடையாது மேடம். மொழுமொழுன்னு இருக்கும்.”

“ஆறு வருஷமா கேட்டிருக்கோம்ணே!”

“நீங்க கேட்டிருப்பீங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா இப்ப வாசிக்கிறீங்களே, இது விருந்தாளி சோபா நுனியில உக்கார்ற மாதிரி இருக்கு. வீட்ல வாசிக்கிற மாதிரி வாசிங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க. பேசினாலும் கேக்கப் போறதில்லை.”

தாள மெஷினை ஓடவிட்டு, சாம்பல் மிக்சரில் ஒரு முழு உருப்படியைத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்தில் கடை மறந்துபோயிற்று. தம்பியின் சத்தம் தாளத்தை அமுக்குகிறது என்று பட்டதும் அக்காளின் வலது கை, அவளைக் கேட்காமலே, அவன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை ஒரு விரல்கடை கீழே தள்ளியது. தம்பி தலையைத் தூக்காமல் சிந்தசைசரின் வால்யூமை ஏற்றினான். அவள் இன்னொரு விரல்கடை இறக்கினாள். அவன் இன்னும் கொஞ்சம் திருகினான். இவள் இறக்க அவன் ஏற்ற, மிக்சரின் மேல்வரிசையில் ஒரு சிவப்பு விளக்கு படபடத்து, பிறகு நின்று எரிந்தது.

வந்துவிட்டது. அதே கரகரப்பு, அச்சு அசலாக.

“இதான்! இதான்டா!” அக்காள் கைதட்டினாள். “அண்ணே, இதையே பேக் பண்ணுங்க.”

கிசுகிசு அசையவில்லை. கைக்கு வந்த வியாபாரத்தை நிறுத்துகிற ஆள் அவர் இல்லை, ஆனால் புரியாததைக் கேட்காமல் விடுகிற ஆளும் இல்லை. “இந்த சிவப்பு எரிஞ்சாத்தான் அது வருது. உங்க பழைய மிக்சர்லயும் எரிஞ்சிருக்கணுமே?”

“அதுல கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். இருட்டு ஹால்ல கண்ணைக் குத்துதுன்னு” என்றாள் அக்காள்.

“ஊர்க் கண்ணெல்லாம் பாக்கிறவ!” என்று தம்பி சிரித்தான். பிறகு அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“சத்தம் அளவுக்கு மீறி உள்ள வந்தா எரியுற விளக்கு இது” என்றார் கிசுகிசு. “கரகரப்பு மிக்சரோடது இல்லை. நீங்க இறக்குறீங்க, அதனால அவர் ஏத்துறார். அவர் ஏத்துறதால நீங்க இறக்குறீங்க. உள்ள நெரிசல். டிஜிட்டல்னா அது இப்படிக் கரகரப்பா வராது. அதைத்தான் ஜனங்க கேட்டிருக்காங்க.”

“யாருடா முதல்ல ஆரம்பிச்சது?”

“நீதான்.”

“நீ! முதல் ஷோவுலயே காதைக் கிழிச்சே.”

“முதல் ஷோவுல நான் வாசிச்சது எனக்கே கேக்கலை.” தம்பி குமிழைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஒவ்வொரு ஷோ முடியறப்பவும் என் வால்யூம் கடைசியில போய் முட்டிக்கிட்டு நிக்கும்க்கா. இனிமே போக இடமில்லைன்னு. அந்தக் குழு கூப்பிட்டதும் முதல்ல தோணினது என்ன தெரியுமா? அங்க யாரும் இறக்க மாட்டாங்க.”

அக்காள் கணக்குப் போட்டாள். அரங்கு அரங்காகக் கைதட்டு வாங்கியது அவர்களுடைய இழுபறிதான். இனிமேல் அவள் இறக்காமல் இருந்தால் அவன் ஏற்ற மாட்டான், சத்தம் போய்விடும். இறக்கிக்கொண்டே இருந்தால் சத்தம் இருக்கும், அவன் போய்விடுவான். எப்படிப் புரட்டினாலும் கையைக் கடிக்கிற வியாபாரம்.

“அண்ணே, இந்த மேல்வரிசைக் குமிழ் கெயின்தானே? உள்ள வர்ற சத்தத்துக்கு?”

“ஆமா. கீழ இருக்கிற ஃபேடர் வெளிய போறதுக்கு.”

“கெயினை வேணும்னே ஏத்தி வெச்சாலும் இந்தக் கரகரப்பு வருமா?”

“அதுக்குத்தானே வெச்சிருக்கான். சண்டை போட்டுத்தான் ஏத்தணும்னு சட்டமா?”

அக்காள் ஒரு சிந்தசைசரைத் தூக்கி மேசையின் எதிர்ப்பக்கம் வைத்தாள். அடுத்ததையும்.

“என்ன பண்றே?”

“அந்தப் பக்கம் போய் நில்லு. மேல்வரிசை உன் கைக்குக் கிட்ட வருதா? அது உனக்கு. ஃபேடர் எனக்கு.”

“எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு.”

“லிஃப்டு தலையில ஏறி நின்னு வேலை பாக்கிறவனுக்கு இது ஒரு கஷ்டமா?”

தம்பி சாம்பல் மிக்சரின் கெயினுக்குக் கை நீட்டினான். மேல் விளிம்பில் செருகியிருந்த வயர்கள் புதராக நடுவில் நின்றன. விரலை நுழைத்தான். ஒரு வயர் கழன்றது, தாளம் செத்தது. திரும்பச் செருகி, மெதுவாக நுழைத்தான். வேறொன்று கழன்றது.

அக்காள் எல்லாவற்றையும் பழுப்புக்கு மாற்றினாள். அதில் வயர்கள் முதுகுவழியாகத் தொங்கிவிட, கெயின் வரிசை அவன் முன்னால் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வாசித்தார்கள். தம்பி குமிழைத் திருகினான். சிவப்பு எரிந்தது. கரகரப்பு வந்தது, ஆனால் சாம்பலில் வந்த அளவு இல்லை. ஒரு சுற்று மங்கல், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

அவன் இன்னும் ஏற்றினான். தாளம் மூழ்கியது. அக்காளின் வலது கை ஃபேடரை நோக்கிக் கிளம்பியது. அதை இழுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். நாலு தாளவட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவதில் தம்பி முகத்தைச் சுளித்து, தானே கால் சுற்று இறக்கினான்.

“ஓவரா போச்சு” என்றான்.

அவன் தானாக இறக்குவான் என்பது ஆறு வருடத்தில் அவளுக்குத் தெரியாத சேதி. தெரிந்துகொள்ள அவள் அவனுக்கு நேரம் கொடுத்ததில்லை.

“இதையே எடுத்துக்கிறோம்ணே” என்றாள்.

“மேடம், நீங்க கேட்ட சத்தம் சாம்பல்லதான் இருக்கு.”

“தெரியும்.”

“அக்கா, இது நம்ம சத்தம் இல்லையே” என்றான் தம்பி. “பாதிதான் வந்திருக்கு.”

“பாதிதான். மீதி உன்னை நான் அமுக்கினதுல வந்தது. அது வேணாம்.” மிக்சரின் மரப்பலகையைத் தடவினாள். “ஒரு வருஷம் இரு.”

“அவங்களும் ஒரு வருஷம்தான் கேட்டாங்க.”

“நான் அக்கா.”

“அதான் யோசிக்கிறேன். மூணு ஷோ.”

“பத்து.”

“நாலு.”

“எட்டு. மேல்வரிசையைத் தொட மாட்டேன். உன் ஃபேடரை இறக்கவும் மாட்டேன்.”

“சனிக்கிழமையே தொடுவே.”

“தொட்டா நாலுன்னு வெச்சுக்க.”

இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவையாகக் கிசுகிசு குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் விலையில் ஒரு மயிரிழை இறக்காத மனிதர், அடுத்தவர் பேரத்தில் தாராளமானார். “ஆறுன்னு போட்டு முடிங்க. எனக்கும் பசிக்குது.”

“ஆறு” என்றான் தம்பி. “அவங்களை வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன்.”

அக்காள் மேசைக்குக் குறுக்கே வலது கையை நீட்டினாள்.

“அது இறக்குற கை” என்றான் தம்பி. “இடது கையைக் குடு.”