ஹவார்ட்டி கோணிய காலை

"கடைசியா அவர் நல்லபடியா இருந்தது எப்போ?" என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

கட்டிலில் வெர்னர் வாய் ஒரு பக்கம் இழுத்தபடி கிடந்தார். பக்கத்தில் நின்ற மனைவி எல்னா வாயைத் திறப்பதற்குள் மகன் யெஸ்பர் முந்திக்கொண்டான்.

"இப்பதான் டாக்டர். ஒரு மணி நேரம்கூட ஆகலை. காபி குடிச்சிட்டிருந்தார், கப்பு கையிலேர்ந்து நழுவிடுச்சு."

"நல்லவேளை. ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. உடனே வந்தவங்களுக்குத்தான் அது. நேரம் கடந்து போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆளையே கொண்டுபோயிடும். அதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

நர்ஸ் ஊசி எடுத்து வரப் போனாள். எல்னாவுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பனியில் வெகுநேரம் நின்ற கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. நினைப்பு மட்டும் காலைச் சாப்பாட்டு மேசையை விட்டு நகர மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஆல்போர்க் நகரத்திலிருந்து யெஸ்பரும் அவன் மனைவி லிஸ்பெத்தும் வந்திருந்தார்கள். பேக்கரியின் சூடான உருண்டை ரொட்டி, வெண்ணெய், ஜாம், நடுவில் ஒரு கட்டி ஹவார்ட்டி சீஸ். நாற்றம் அடித்து விருந்தாளியை விரட்டுகிற ஜாதி இல்லை அது. மெத்தென்று, வெண்ணெய் வாசத்தோடு, யார் வம்புக்கும் போகாத சாதுவான சீஸ். வம்பெல்லாம் வெர்னரிடம்தான். பால் பண்ணையில் காலமெல்லாம் அதைச் செய்தே சம்பாதித்தவர். மெல்லிய கம்பி கட்டிய சீவியால் கட்டியைச் சமமாகச் சீவ வேண்டும் அவருக்கு. யாராவது சரிவாக இழுத்துவிட்டால் கட்டியைத் தூக்கி ஊருக்கே காட்டுவார்: "யாரு இங்க பனிச்சறுக்கு மேடு கட்டினது?"

மலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத நாடு டென்மார்க். இருக்கிற மேடெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் என்று எல்லா வீட்டிலும் இந்தக் கேலி உண்டு. ஆனால் வெர்னர் வீட்டில் அது கேலியோடு நிற்காது, வழக்கு நடக்கும். குற்றவாளி எப்போதும் எல்னா. விருந்தாளிகள் முன்னால், சம்பந்தி முன்னால், எல்னாவின் அம்மா முன்னால்கூட. நாற்பது வருஷம் அவளும் சிரித்து மழுப்பினாள். உள்ளே சுருக்கென்று தைக்கும். ஒருநாளும் அதை அவரிடம் சொன்னதில்லை.

இன்று காலை அந்த வெர்னரின் கையிலேயே கம்பி வழுக்கியது. ஒரு பக்கம் பலகை மாதிரி, மறுபக்கம் காகிதம் மாதிரி ஒரு துண்டு வந்து விழுந்தது.

"அப்பா! யாருப்பா இந்த மேட்டைக் கட்டினது?" யெஸ்பர் துள்ளி எழுந்தான்.

வெர்னர் கட்டியையே பார்த்தார். "இந்த... இது... மஞ்சளா..." என்று விரலை நீட்டினார். பேர் வரவில்லை.

"ஹவார்ட்டி, மாமா, ஹவார்ட்டி! உங்களுக்குச் சோறு போட்ட பேரையே மறந்துட்டீங்களா?" லிஸ்பெத் கை தட்டினாள்.

எல்னா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் வெர்னர் சோர்வாக இருக்கிறது என்று சைகை காட்டி சோபாவில் போய்ப் படுத்தார். மதியம் சாப்பிட எழவில்லை. தோற்ற கோபம், முறுக்கிக்கொண்டு கிடக்கிறார் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் காபிக்கு எழுப்பி உட்காரவைத்தபோதுதான் கப்பு நழுவி, வாய் இழுத்துக்கொண்டது.

நர்ஸ் தட்டோடு திரும்பி வந்தாள்.

"காலையிலேர்ந்தே," என்றாள் எல்னா. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "காலையில சீஸைக் கோணலா சீவினார்."

"அம்மா, சும்மா இரு. இதுவா இப்போ பேச்சு?"

டாக்டரம்மா கையை உயர்த்தி அவனை அடக்கினார். "எந்தக் கை?"

"வலது கை."

"பேச்சு எப்படி இருந்தது?"

"சீஸோட பேரு வாயில வரலை. அதுல முப்பது வருஷம் வேலை பார்த்தவர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். நர்ஸைப் பார்த்துத் தலையை அசைத்தார். தட்டு வந்த வழியே போயிற்று. "இனிமே அதைப் போட முடியாதும்மா. மத்ததைச் செய்றோம். பேச்சு திரும்புமான்னு இப்போ சொல்ல முடியாது."

வெளியே நடையில் யெஸ்பர் வெடித்தான். "என்னம்மா பண்ணிட்ட? நீ பேசாம இருந்திருந்தா ஊசி போட்டிருப்பாங்க!"

"போட்டிருந்தா செத்துப் போயிருப்பார்டா."

"அப்போ காலையிலேயே ஏம்மா சொல்லலை? எங்களுக்குத்தான் புத்தி இல்ல. நீ தினமும் கூட இருக்கறவ. அவர் கை கோணாதுன்னு உன்னை விட யாருக்குத் தெரியும்?"

எல்னா சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"தெரியும். ஆனா எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சுடா. ஒரு தடவையாவது மாட்டினாரேன்னு. சாயங்காலம் வரைக்கும் அப்படியே பேசாம கிடந்தார். நானும் ரெண்டு மூணு தடவை எட்டிப் பார்த்தேன். நல்லா வேணும்னு நெனச்சுக்கிட்டே பாத்திரம் கழுவப் போயிட்டேன்."