பத்து நிமிடச் சுற்று

அடையாறு முகத்துவாரத்தில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடும் குழுவினர் விடிவதற்குள் வலைகளைக் கட்டி முடித்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து வந்திருந்த ஜேக்கப்பிடம் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

முத்துலட்சுமியின் போனில் அலாரம் அடித்தது. ஒல்காட் குப்பத்துக்காரி, குழுவில் எட்டு வருடமாக இருப்பவள். வலையில் சிக்கிய குருவிகளை எடுத்து வர எழுந்தாள்.

"இப்பத்தானே போயிட்டு வந்தே? இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம்தானே பாப்போம்?" என்று ஜேக்கப் கேட்டார்.

"அது உங்களுக்கு சார். எனக்குப் பத்து."

குழுத்தலைவர் சுப்பராமன் சிரித்தார். "இவ போன் கத்தற கத்தல்ல பாதிக் குருவி பள்ளிக்கரணைக்கே ஓடிப் போயிடறது."

"ஓடட்டும். உயிரோட போவுதில்ல?"

ஜேக்கப் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு, அவர் கடைசியாக வந்த அன்றைக்கும் வலை பார்த்தது அவள்தான். அவள் துணிப்பையில் கொண்டுவந்து தந்த கதிர்க்குருவி துறுதுறுவென்றுதான் இருந்தது. காலில் வளையம் மாட்டியதும் அவர் விட்டிருக்கலாம். சிறகின் நீளம் சரியாக வரவில்லை என்று மறுபடி அளந்தார், மூன்றாம் முறையும் அளந்தார். கைப்பிடி இறுகியது தெரியவில்லை. விரல்களைத் திறந்தபோது தலை தொங்கியது. "வலையிலேயே போயிடுத்தா?" என்று சுப்பராமன் கேட்டார். ஜேக்கப் ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான் செய்தார். "கொஞ்சம் சீக்கிரமா போய்ப் பாத்திருக்கலாமேம்மா" என்று முத்துலட்சுமியிடம் சுப்பராமன் சொன்னது ஜேக்கப்பின் காதில் விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஜேக்கப் வரவில்லை.

இப்போது சுப்பராமன் கடைசி வலையின் கயிற்றை இறுக்கப் போயிருந்தார். முத்துலட்சுமி ஓட்டமாகத் திரும்பி வந்து பையை நீட்டினாள். ஜேக்கப் குருவியை வெளியே எடுத்து, வளையம் மாட்டி, ஒரே தடவை அளந்து, உள்ளங்கையைத் திறந்தார். அது பறந்து போனது. அவள் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே போச்சு சார்? நான் ஒண்ணும் லேட்டா எடுக்கலியே?"

"முத்துலட்சுமி, அன்னைக்கு அது வலையில சாகல. என் கையில செத்துச்சு."

அவள் கையிலிருந்த காலிப் பையை உள்ளும் வெளியுமாகப் புரட்டினாள்.

"உனுக்குத் தெரியுமா சார்? அதுக்கப்புறம் நான் இங்க ஒரு நாளுகூட உக்காந்து டீ குடிச்சதில்ல."

"தப்புதான்…"

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சுப்பராமன் சாராண்ட சொல்லு."

"சொல்றேன். சாயங்காலம் போன் பண்ணி…"

"இப்ப. நான் பக்கத்துல நிக்கும்போது."

அவர் எழுந்தார். சுப்பராமன் அங்கிருந்தே, "என்ன, ரெண்டு பேரும் ஊர்வலமா வரேள்?" என்று குரல் கொடுத்தார். சேற்றில் முத்துலட்சுமி முன்னே நடந்தாள். ஜேக்கப் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.