உப்புக்காற்றில் பட்டன் ரோஜா

காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போய்விட்டு, கோயிலையும் பார்க்காமல் கடலில் காலையும் நனைக்காமல் திரும்பியவள் அந்த வருஷம் ராபியா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளைப் பிடித்து நிறுத்தியது ஒரு செத்த ரோஜாச் செடி.

ராபியாவின் கணவர் பஷீருதீன் செங்கல்பட்டில் சோடா ஃபாக்டரி வைத்திருந்தார். கடலோரமாகக் குடில்கள் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு விடுதிக்கு அவர்தான் சோடாவும் ஐஸும் போடுவார். "ஒரு வார்த்த பேசிட்டு வந்துர்றேன், நீ இங்க குந்து" என்று அவளை ஒரு குடிலின் வெளித் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு உள்ளே போனார். தாழ்வாரத்தைச் சுற்றி முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். மூலையில் சிமெண்டுத் தொட்டி. அதில் ஆள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்த ரோஜாச் செடி ஒன்று இலையெல்லாம் உதிர்ந்து, குச்சியாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த குடிலைப் பார்த்தாள். அங்கேயும் அதே கதி.

"யாரு இன்னா பண்ணாலும் இது பொழைக்காது" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"ஏம்மா அப்படிச் சொல்றீங்க?"

திரும்பினால், கொத்துச் சாவியோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். பெயர் பிரபாவதி, விடுதியின் மேற்பார்வையெல்லாம் அவள்தான், சைதாப்பேட்டைக்காரி. மூன்று தடவை ஓசூரிலிருந்து செடி வரவழைத்தாயிற்று, மூன்று தடவையும் இதே கோலம். "முதலாளி வெறுத்துட்டார். பிளாஸ்டிக் பூ வாங்கி வெச்சுடுன்னு சொல்லிட்டார். எனக்கு அதைப் பாத்தாலே ஆகாது."

"செடி மேல தப்பில்லீங்க. ஒசரம் ஜாஸ்தி. காத்து இடுப்பப் புடிச்சி ஆட்டிகினே கீது. வேர் எங்க புடிக்கும்? இந்த எடத்துக்குப் பட்டன் ரோஸ் வெக்கணும். ஒரு சாண், ஒன்ற சாண்தான் வளரும். இந்தச் சுவருக்குக் கீழயே குந்திகினு பூக்கும்."

"உங்ககிட்ட இருக்கா?"

"எங்க வூட்ல மனுசங்க நடக்க எடமில்ல. அவ்ளோ கீது."

அது பொய்யில்லை. மசூதித் தெருவில் அவர்கள் வீட்டுக் கொல்லை ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அந்த இடத்தில் பலகையைப் படிப்படியாக அடித்து, டால்டா டின்களில் ராபியா பட்டன் ரோஜா வளர்த்தாள். சுண்டைக்காய் அளவு மொட்டு, எட்டணாக் காசு அளவு பூ. சிவப்பு, வெள்ளை, வெளிர்சிவப்பு. அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து வைப்பாள். வெயில் சுவர்மேல் நகர நகர டின்களும் நகரும். வாடிய பூவை அன்றன்றே கிள்ளிவிடுவாள். ரோஜா விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவளுடைய எண்ணம். தெருவுக்கும் அதே எண்ணந்தான்.

அடுத்த வாரமே பஷீருதீனின் டெம்போவில் சோடாப் பெட்டிகளுக்கு நடுவே டின்கள் ஏறின. கடலைப் பார்த்த நான்கு குடில்களில் ராபியா தன் கையாலேயே சுவரோரம் அவற்றை வரிசையாக வைத்தாள். எல்லாம் பூவும் மொட்டுமாக இருந்தன. பிரபாவதி கையைத் தட்டினாள். ராபியா தோட்டக்காரர் முத்துசாமியிடம், "தெனம் காலைல தண்ணி வுடுங்கண்ணே, போதும்" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையோடு டெம்போவில் ஏறிக்கொண்டாள்.

மாசி பிறந்து கொஞ்ச நாளில், ஐஸ் இறக்கிவிட்டு வந்த பஷீருதீன் சட்டையைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"ராபியா, உன் செடி காஞ்சிகினு கீது."

"வேற யாரு செடியையாவது பாத்துட்டு வந்திருப்பீங்க."

"டின்னு மேல டால்டான்னு போட்டுக்கீது. வேற யாரு செடி? அந்தம்மா என்கிட்ட பேசக்கூட இல்ல."

மறுநாள் அவளும் கிளம்பினாள். வழியெல்லாம், தண்ணீர் விட மறந்திருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தபோது மண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் இலைகளின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டி எடுத்ததுபோலக் கருகியிருந்தது. மொட்டுகள் விரியாமலே பழுத்துவிட்டன. டின்கள் துருவேறி, தொட்டால் கையில் உதிர்ந்தன. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம்.

ராபியா ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். உப்பு. எழுந்து போய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். அதுவும் உப்பு.

"இந்தத் தண்ணியா வுட்டீங்க?"

"வேற எந்தத் தண்ணிய வுடறது?" என்றார் முத்துசாமி. "நீ தண்ணி வுடச் சொன்ன, வுட்டேன். இன்னா தண்ணின்னு சொல்லலியே."

ராபியா கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். காற்றைச் சுவர் தடுத்தது. காற்றோடு வந்த உப்பு இலையில் படிவதை எது தடுக்கும்? அதைப் பற்றியும் யோசிக்கவில்லை, தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை. செங்கல்பட்டுக் கிணறு மாதிரியே எல்லாக் கிணறும் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். பிரபாவதி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பிளாஸ்டிக் பூ வந்து இறங்கிடுச்சு பாயம்மா. ஸ்டோர் ரூம்ல இருக்கு."

"பிரிக்காதீங்க" என்றாள் ராபியா. "தப்பு என்னுது. செடி சாகல. குச்சியச் சொரண்டிப் பாருங்க, உள்ள பச்சை கீது. எனக்கு நல்ல தண்ணி வேணும். இங்க எங்கியாச்சும் கெடைக்குமா?"

பிரபாவதி யோசித்தாள். சவுக்குத் தோப்புக்குள் ஒரு கிணறு உண்டு, சமையலுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது. அதைச் செடிக்குக் கேட்டால் சமையல்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். சட்டென்று அவள் முகம் மாறியது. "அரிசி களையற தண்ணி! ரெண்டு வேளையும் குடங்குடமா மணல்ல கொட்டறாங்க. அது நல்ல தண்ணிதானே?"

ராபியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மண்ணுக்கு அதவிட வேற இன்னா வேணும்! எலை கழுவ மட்டும் ஒரு குடம் சுத்தமான தண்ணி குடுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தெனம் உப்பக் கழுவிடணும்."

டின்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குயவரிடம் சொல்லி வாயகன்ற மண்தொட்டிகள் வாங்கினார்கள். ராபியா பழைய மண்ணை உதறிவிட்டுப் புது மண் போட்டாள். பிறகு கத்திரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு செடியையும் நாலு விரல் உயரத்துக்கு ஒட்ட வெட்டினாள்.

"ஐயையோ, இருந்த இலையும் போச்சே!" என்றாள் பிரபாவதி. "பங்குனியில முதலாளி வர்றாரே, என்னத்தக் காட்டுவேன்?"

பஷீருதீனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "வூட்ல பூத்துக்கினு கீறத நாலு தூக்கியாந்து அன்னிக்கி மட்டும் வெச்சிடலாமே."

"அன்னிக்கி பூத்துட்டு அடுத்த வாரம் காஞ்சா, இந்தம்மாவுக்குத்தானே அசிங்கம்? இங்கியே துளுத்தது இங்கியே பூக்கட்டும்" என்றாள் ராபியா.

அதிலிருந்து ஐஸ் போகும் நாளெல்லாம் அவளும் போனாள். "மார்க்கெட்டுல இன்னா பேசுவாங்களோ" என்று பஷீருதீன் ஒரு தடவை இழுத்தார். "பாயோட சம்சாரம் பாய் வண்டியில போவுதுன்னு பேசுவாங்க. நல்ல பேச்சுதானே?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். டெம்போக் கதவை அவரே திறந்துவிட்டார்.

முதலாளி வந்த அன்று ஒரு பூகூட இல்லை. வெட்டிய இடமெல்லாம் செம்புநிறத் துளிர், அதன் நுனியில் தீக்குச்சித் தலைபோல மொட்டுகள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்ன பிரபாவதி, கீரைப் பாத்தியா?"

"ரோஜா சார்."

"பிளாஸ்டிக் பூ என்ன ஆச்சு?"

ராபியா தூணோரம் நின்றிருந்தாள். தனக்காக அந்த அம்மாள் திட்டு வாங்குவாளே என்று ஓரடி முன்னால் வந்தாள். பிரபாவதி முந்திக்கொண்டாள். "அடுத்த தடவை நீங்க வரும்போது இது பூக்கலேன்னா, என் கையாலயே பிளாஸ்டிக் பூவ வெக்கிறேன் சார். அது வரைக்கும் யாரும் தொடக்கூடாது." முதலாளி அவளையும் செடியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

சித்திரை வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியபோது மொட்டுகள் அவிழ்ந்தன. ஒன்றிரண்டாக இல்லை, கொத்துக்கொத்தாக. தொட்டி தெரியாமல் பூ கவிந்து நின்றது. மேலே சவுக்கு மரங்களைக் காற்று உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. சுவருக்குக் கீழே ஒரு இதழ்கூட அசையவில்லை. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று காலை நாஸ்தாவைத் தாழ்வாரத்துக்கே கொண்டுவரச் சொல்லி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூக்களுக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டது. முத்துசாமி யார் வந்தாலும், "நாந்தான் தெனம் குளிப்பாட்டறேன்" என்று சொல்லிக்கொண்டார்.

மறுபடி வந்த முதலாளி குடில் குடிலாகச் சுற்றிப் பார்த்தார். எல்லாக் குடிலுக்கும் வைக்கச் சொன்னார். பிரபாவதி சொல்லி அனுப்ப, ராபியா வந்து அவர் முன்னால் நின்றாள்.

"செடி தரேன் சார். ஆனா நட்டுட்டுப் போனா என் வேல முடிஞ்சிதுன்னு இல்ல. வாரா வாரம் நான் வந்து பாப்பேன். நல்ல தண்ணி கொறையக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா எடுத்துக்கங்க."

முதலாளி பிரபாவதியைப் பார்த்தார். "இவங்க எப்பவுமே இப்படித்தானா?"

"ஆரம்பத்திலேர்ந்தே இப்படித்தான் சார்."

ஒத்துக்கொண்டார்.

அந்த வாரம் மசூதித் தெருக் கொல்லை முதல்முறையாகக் காலியானது. பஷீருதீன் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்பாடா! இனிமே என் சைக்கிள இங்க வுட்டுக்கலாம்."

ராபியா உள்ளேயிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டுக் குச்சிகளோடு வந்தாள். செடிகளை அனுப்பும் முன் வெட்டியதில் நல்லதாகப் பொறுக்கி, மறுபடி நடுவதற்காகச் சேர்த்து வைத்தவை.

"சைக்கிள் தெருவுலயே நிக்கட்டும்" என்றாள். "அந்த மண்ணக் கொஞ்சம் இப்டி தள்ளுங்க."