ஐந்து விரல் மரக்கை

காலை எட்டரை மணிக்கு ஆய்வகத்தின் பூட்டைத் திறந்ததும் லேப் அண்ணன் முதலில் செய்கிற வேலை, வாசலுக்கு நேரே நிற்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பது. லேப் அண்ணன் என்பது மாணவர்கள் வைத்த பெயர். அந்தப் பொறியியல் கல்லூரியில் அவர் இருபது வருஷமாக ஆய்வக உதவியாளர். மாணவர்களைச் சொல்வானேன், துறைத்தலைவரே அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

பெட்டிக்குள் ஒரு சின்ன பிரஸ் மெஷின் இருந்தது. தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதியை அமுக்கினால், மேலிருந்து இரும்புக் கட்டை இறங்கி ஒரே அடியில் வெட்டிவிடும். இதில் விசேஷம், முன்னால் நின்ற இரண்டு கம்பங்கள். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்று ஓடியது. கதிரை மறித்துக்கொண்டு கை உள்ளே இருக்கும்வரை, ஏறி நின்று மிதித்தாலும் மிதி அசையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்கு மாணவர்கள் செய்தது, கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. செய்தவர்கள் வேலை கிடைத்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். மெஷின் இருப்புப் பதிவேட்டில் ஏறிக் கண்ணாடிக்குள் குடியேறிவிட்டது.

கல்லூரிக்கு யார் பெரிய மனிதர் வந்தாலும் லேப் அண்ணன்தான் அதை இயக்கிக் காட்டுவார். முதலில் ஒரு தகட்டை வைத்து மிதிப்பார், டொக்கென்று இரண்டாகும். பிறகு மணிக்கட்டு வரை செதுக்கிய ஒரு மரக்கையை உள்ளே வைத்து, முழு பலத்தோடு மிதிப்பார். ஒன்றும் நடக்காது. சிவப்பு விளக்கு எரியும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் தனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று அவருக்கு நினைப்பு.

ஆய்வகத்து ஜன்னலைத் திறந்தால் கல்லூரிச் சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறைத் தெரு. சுவரை ஒட்டியிருந்த பட்டறையில் கதவுக் கீல் அடிப்பார்கள். அங்கே ஒன்பது வருஷமாகப் பிரஸ் ஓட்டியவள் லேப் அண்ணனின் மனைவி. ஆறு மெஷின் ஒன்றாக ஓடினாலும் அவளுடைய சத்தம் அவருக்குத் தனியாகத் தெரியும். மற்றவை அவசரப்படும், அவளுடையது நிதானமாக விழும். ‘மகராசி வேலையில இருக்கா’ என்று நினைத்துக்கொண்டே அவர் தன் வேலையைப் பார்ப்பார்.

இந்தக் காதால் அந்தச் சத்தத்தைக் கேட்டார், இந்தக் கையால் இந்தக் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டையும் ஒருநாள்கூட அவர் மனசு சேர்த்துப் பார்க்கவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரிய பெரிய பட்டம் வாங்கிய பன்னிரண்டு பேராசிரியர்கள் அதே ஜன்னலோரம் நின்று பாடம் நடத்தினார்கள். அவர்களுக்கும் அது இரைச்சலாகத்தான் கேட்டது.

அன்றைக்குத் தரச்சான்று தரும் குழு ஆய்வுக்கு வந்திருந்தது. துறைத்தலைவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பரபரத்தார்.

"லேப் அண்ணே, அந்த ஜன்னலச் சாத்துங்க. பேசுறதே கேக்க மாட்டேங்குது."

சாத்தினார். சத்தம் கொஞ்சம் அடங்கியதே தவிர நிற்கவில்லை. தகட்டை வைத்து வெட்டிக் காட்டினார். மரக்கையை எடுத்து உள்ளே வைத்தார். அவர் காலைத் தூக்கிய நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் எல்லா மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின.

"அப்பாடா! நமக்காகவே நிறுத்திட்டாங்க போல" என்றார் குழுத்தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். லேப் அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மிதித்தார், சிவப்பு விளக்கு எரிந்தது, கைதட்டினார்கள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து அவர் அழுதது கொஞ்சநஞ்சமல்ல.

கைதட்டல் ஓய்வதற்குள் வாசல் காவலாளி மூச்சிரைக்க வந்து நின்றார். "அண்ணே... அக்காவுக்கு... பட்டறையில..."

வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. தகட்டைச் சரிசெய்ய உள்ளே விட்ட கையை எடுப்பதற்குள் கால் மிதித்துவிட்டது. ஒன்பது வருஷமாகச் சொன்னபடி கேட்ட கால், அன்றைக்கு ஒரு நொடி முந்திக்கொண்டது.

மருத்துவமனை வராந்தாவில் பட்டறைக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் கையிலேயே சுண்டுவிரல் கிடையாது.

"தங்கச்சி மாதிரி இருந்த பொண்ணு. நான் கேக்காம இல்ல தம்பி. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க காலேஜுக்கே வந்தேன். கை மாட்டாம இருக்க எதாவது வழி சொல்வாங்களான்னு கேக்கலாம்னு வந்தேன். கேட்டுலயே, பிள்ளைய சேக்கணுமா, இல்ல இங்க படிச்ச பிள்ளைங்களுக்கு வேலை குடுக்க வந்தீங்களான்னு கேட்டாங்க. ரெண்டும் இல்லன்னேன். அப்ப வேற எதுக்கும் உள்ள விட மாட்டோம்னுட்டாங்க. படிச்சவங்க இருக்கிற இடம், நாம என்னத்த எதுத்துப் பேசுறதுன்னு திரும்பிட்டேன்."

லேப் அண்ணன் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்காரர் தேடி வந்த பொருள் கேட்டிலிருந்து நூறடி தூரத்தில், தூசு தும்பு இல்லாமல் பளபளவென்று இருந்தது. துடைத்தவர் அவர்தான்.

மனைவி வீட்டுக்கு வந்த பிறகு மகளுக்குத் தலை பின்னுகிற வேலை அவர் தலையில் விழுந்தது. "வலிக்குதுப்பா! வயர் முறுக்குற மாதிரி முறுக்குறீங்க" என்றாள் மகள். அவள் அம்மா சிரிக்கப் பார்த்தாள். சட்டென்று கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மகள் பள்ளிக்கூடம் போனதும் அவர் மனைவியின் காலடியில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

"எனக்கு அதக் காட்டுங்க" என்றாள் அவள்.

சனிக்கிழமை மத்தியானம் அழைத்துப் போனார். அவளைப் பார்த்ததும் துறைத்தலைவர் எழுந்து நின்றார். "வாங்கம்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. நாங்க எதாவது செய்யணும்னா..."

அவள் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கணவர் பெட்டியைத் திறந்தார். மரக்கையை உள்ளே வைத்து மிதித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "இன்னொரு தரம்" என்றாள். மிதித்தார். "இன்னொரு தரம்." மூன்றாவது தடவை அவளே காலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். மிதி அசையவில்லை.

பிறகு இடது கையால் அந்த மரக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் விரலாகத் தடவினாள்.

"அஞ்சும் அப்படியே இருக்கு" என்றாள். "சார், நான் படிக்காதவ. தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. இந்தக் கைக்கு வலிக்குமா சார்? இது தலை பின்னுமா? சோறு பிசையுமா? பதினோரு வருஷமா இதப் பத்திரமா காப்பாத்திட்டீங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாப்பது கை இருந்துச்சே சார், ஒருநாள் எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

துறைத்தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரிசு வாங்கின பொருள், பதிவேட்டில் இருப்பது, வெளியே கொண்டுபோக விதி இல்லை என்று அவர் நாக்கில் வந்து நின்றதை லேப் அண்ணன் கண்டுகொண்டார். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"பதிவேட்ட நான்தான் சார் எழுதுறேன். மெஷின் இருக்கான்னு வருஷா வருஷம் டிக் போட்டேன். யாருக்கு உதவுச்சுன்னு எழுத அதுல ஒரு கட்டம்கூட இல்ல சார்."

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை இறுதியாண்டு மாணவர்கள் முப்பது பேரையும் அழைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தார். கல்லூரி தொடங்கி இருபத்தைந்து வருஷத்தில், ஒரு வகுப்பு பட்டறைத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

ஆரம்பத்தில் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. ஒரு மாணவன் மெஷினின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் விழித்தான். பட்டறைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்ணாடிக்குள் ஒழுங்காக ஓடிய கதிர், பட்டறையின் எண்ணெயிலும் புகையிலும் கண்ணவிந்து போனது. மாணவர்கள் அதைப் பிரித்தார்கள், மாற்றினார்கள், திட்டு வாங்கினார்கள், மறுபடி மாட்டினார்கள். நான்காம் மாதம் கீல் பட்டறையின் ஆறு மெஷினிலும் காவல் கம்பங்கள் நின்றன. பயமில்லாமல் வேலை செய்ததில் கீல்கள் கோணாமல் விழுந்தன, கைவிட்டுப் போயிருந்த வேலைகள் திரும்பி வந்தன. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டில் வந்து நின்றார்கள். இப்போது காவலாளி, "எந்த மெஷினுக்கு?" என்று கேட்டு உள்ளே அனுப்புகிறார்.

லேப் அண்ணனின் மனைவிக்குப் பட்டறையில் கீல்களைத் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. அவளுடைய மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வக ஜன்னலை இப்போது யாரும் சாத்துவதில்லை. ஆனாலும் டொக்கென்ற சத்தம் எப்போதாவது சற்றுத் தாமதித்தால் லேப் அண்ணனின் கை வேலையில் நின்றுவிடும். மறுபடி கேட்ட பிறகுதான் மூச்சு வரும்.

புது வருஷத்து மாணவர்களின் முதல் வகுப்பில் துறைத்தலைவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. மரக்கையை மேஜைமேல் வைத்தார்.

"நாங்க கண்டுபிடிச்சது சரியாத்தான் வேலை செஞ்சது. ஆனா அத நாங்க பரிசுக்குக் காட்டினோம், வேணுங்கிறவங்களுக்குக் கொடுக்கல. அதனால ஒரு அம்மாவோட மூணு விரல் போச்சு. ஊருக்குள்ள இருந்துகிட்டு ஊருக்கு உதவாத படிப்பு, இந்த மரக்கையத்தான் காப்பாத்தும். இத மறந்துட்டு நீங்க எத்தன பரிசு வாங்கினாலும் அது தோல்விதான்."

பின்னால் நின்றுகொண்டிருந்த லேப் அண்ணன் சாயந்தரம் வீட்டுக்குப் போய் அதை அப்படியே மனைவியிடம் சொன்னார். அவள் முடிவுவரை கேட்டாள். மகளின் சடை நுனியில் ரிப்பனைச் சுற்ற முயன்று, முடியாமல், ரிப்பனை அவரிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். "என் விரல் போறதுக்கு முன்னாடியே இது யாருக்காவது தோணியிருக்கலாம்."